சவுண்டு அண்ணனும் வற்றாத செம்பும்

தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் வரைக்கும் ஏமாறத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். மற்ற எல்லாரும் ஏமாந்தவர்கள். இரண்டும் ஒன்றல்ல. நிலத் தரகரிடம் ஏமாந்து, சீட்டுக் கம்பெனியிடம் ஏமாந்து, ஓட்டுப் போட்டு ஏமாந்துவிட்டு, என் மேடைக்கு முன்னால் மட்டும் காலை அகட்டி உட்கார்ந்து, "எங்கிட்டயேவா" என்று முறைக்கிற கூட்டத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம் உண்டு. இதை எழுதும்போது அது அங்கங்கே வெளியே வரும். வந்தால் வரட்டும்.

நான் வலங்கைமானில் உரக்கடை வைத்திருக்கிறேன். கடை நாளில் யூரியா, பொட்டாஷ். முகூர்த்த நாள், திருவிழா நாள் என்றால் மேஜிக். அதைப் பொழுதுபோக்கு என்று நான் சொல்வேன். என் மனைவி சொல்கிற வார்த்தையை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள். ஏமாறத் தெரிந்தவர் என்று சொன்னேனே, அவர் எங்கள் பக்கத்தில் மைக்செட் வைத்திருந்தவர். காதுகுத்து, கல்யாணம், கருமாதி, கட்சிக் கூட்டம், எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் தென்னை மரத்தில் ஏறும். ஊருக்கே அவர் 'சவுண்டு'. என்னைவிட மூத்தவர் என்பதால் எனக்குச் சவுண்டு அண்ணன். அவருடைய மகள் கல்யாணப் பத்திரிகையில் சொந்தப் பெயரை மட்டும் போட்டுவிட்டார். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரியாமல் பாதிப் பேர் பத்திரிகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். கடைசியில் அவரே தெருத் தெருவாக மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்.

எங்கள் பழக்கம் சண்டையில் தொடங்கியது. ஒரு மாரியம்மன் கோயில் திருவிழாவில் எனக்கு ஒரு மணி நேரம் கொடுத்திருந்தார்கள். நான் மேடையேறி முதல் கைக்குட்டையை எடுக்கிறேன், மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயர் பெட்டியோடு உட்கார்ந்திருந்த இந்த மனிதர் நாற்காலியைத் தூக்கித் திருப்பிப் போட்டுக்கொண்டார். என் பக்கம் முதுகு. முகம் தென்னங்கீற்றுத் தட்டியைப் பார்த்தபடி. கூட்டம் எழுந்து போனால்கூட மனசு ஆறும், சாப்பாட்டுப் பந்தி போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளலாம். மைக்செட்காரர் முதுகைக் காட்டினால் எதை நினைத்துக்கொள்வது?

அவர் பார்க்காததால் பாட்டும் தன் இஷ்டத்துக்கு வந்தது. நான் பூவை வரவழைக்கும்போது சோகப் பாட்டு. கும்பிட்டு முடித்து, சாமான்களைப் பைக்குள் திணித்துக்கொண்டிருக்கும்போது தடதடவென்று டிரம்ஸ். முடிந்ததும் நேரே அவரிடம் போனேன். சட்டையைப் பிடிக்காத குறைதான்.

"ஏங்க, நான் என்ன உங்க வாசல்ல வந்து பிச்சை கேட்டனா, முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

அவர் ஒயரை முழங்கையில் சுற்றிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "சைடுலேர்ந்து பாத்தா தெரிஞ்சுரும் தம்பி."

"தெரிஞ்சா என்ன இப்ப?"

"தெரிஞ்சதுக்கப்புறம் எங்க போயித் தெரியாம ஆக்குறது?"

எனக்குப் பதில் வராத சண்டை அது ஒன்றுதான். வேண்டுமானால் என் மனைவியைக் கேளுங்கள்.

அவர் சொன்னது தொழில் முறையில் சரி. மேஜிக் என்பது முன்னாலிருந்து பார்ப்பதற்காகச் செய்வது. பக்கவாட்டில் ஒரு ஆள் நின்றால் என் பிழைப்பு அவன் கண்ணில். மைக்செட்டோ, எந்த ஊரிலும் மேடைக்குப் பக்கவாட்டில்தான் வைப்பார்கள். வாழ்நாள் முழுக்க அந்த இடத்தில் உட்கார்ந்தவர் அவர். ஏழை மக்களுக்காகக் கண்ணீர் விட்ட தலைவர் மேடைக்கு வருமுன் வெங்காய பஜ்ஜி சரியில்லை என்று ஆளை அடித்ததைப் பார்த்தவர். பாட்டுக் கச்சேரியில் வாயை மட்டும் அசைத்த பாடகியைப் பார்த்தவர். மாலையும் கழுத்துமாகச் சிரித்த மாப்பிள்ளை, போட்டோக்காரர் திரும்பியதும் மூஞ்சியைத் தொங்கவிட்டதைப் பார்த்தவர். "முன்னாடி மூஞ்சியும் சைடு மூஞ்சியும் ஒண்ணா இருக்கற ஆள நான் இன்னும் பாக்கல தம்பி. மேஜிக்க மட்டுமாவது முன்னாடிலேர்ந்து பாத்துக்கறேன், விட்டுடு" என்றார்.

விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு என் எல்லா நிகழ்ச்சிக்கும் அவர்தான் சவுண்டு. ஆனால் முதுகைக் காட்டக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். அதனால் ஓட ஆரம்பித்தார்.

நான் ஒரு வித்தையைத் தொடங்கியதும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து, பந்தலைச் சுற்றிக்கொண்டு ஓடி, முன் வரிசைக்குப் பக்கத்தில் போய் நிற்பார். வாய் திறந்திருக்கும். நெற்றியில் கை. வித்தை முடிகிற நொடியில் "ஆ" என்று ஒரு சத்தம் அவரிடமிருந்து வரும். பிறகுதான் பாட்டு போட வேண்டும் என்ற ஞாபகம் வரும். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கயிறுகளைத் தாண்டி, சமையல் அண்டாக்களைச் சுற்றி, திரும்பப் பெட்டியிடம் ஓடுவார். அதுவரைக்கும் நான் மேடையில் கையைத் தூக்கியபடி நிற்க வேண்டும். இறக்கிவிட்டால் பாட்டு வரும்போது நான் மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பேன். இறக்காவிட்டால் பஸ்ஸை நிறுத்துகிறவன் மாதிரி இருப்பேன்.

திருப்பனந்தாள் பக்கம் ஒரு கல்யாணத்தில் ஓடுகிற வேகத்தில் ஒயர் காலில் சுற்றிக்கொண்டது. மொத்தப் பந்தலும் அணைந்தது. இருட்டிலேயே ஒயரைக் கண்டுபிடித்துச் சொருகினார். வெளிச்சம் வந்தபோது நான் அதே இடத்தில், அதே மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வேறு என்ன செய்வது? கூட்டம் கைதட்டியது. எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மறைந்துபோய்த் திரும்பி வந்துவிட்டேன் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ரகசியத்தைச் சொல்ல வருகிறவர்களிடம் அவர் இரக்கமே காட்டியதில்லை. எந்தக் கூட்டத்திலும் ஒரு பெரிய மனிதர் பக்கத்தில் இருப்பவரிடம் ஊருக்கே கேட்கிற மாதிரி, "ஒண்ணுமில்லங்க, கைக்குள்ள இன்னொண்ணு வெச்சிருக்கான்" என்று ஆரம்பிப்பார். உடனே குழாயில் அறிவிப்பு வரும். "கட்டம் போட்ட சட்டை போட்டிருக்கும் பெரியவர் உடனடியாக வாசலுக்கு வரவும். உங்கள் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது." பெரியவர் பதறிக்கொண்டு வாசலுக்கு ஓடுவார். ஆள் யாரும் இருக்க மாட்டார்கள். அவர் திரும்பி வந்து உட்கார்ந்து மறுபடி வாயைத் திறந்தால், அவருடைய வண்டி வழியை மறித்துக்கொண்டு நிற்பதாக அடுத்த அறிவிப்பு. வண்டியே கொண்டுவராத ஒருவர் போய்த் தேடிவிட்டு வந்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இப்படி ஒரு மனிதர் இருந்ததால்தான் நான் இந்தக் கிறுக்கை விடாமல் வைத்திருந்தேன். வேறு எதற்காக வைத்திருப்பது? சினிமாவில் மேஜிக்காரன் என்றால் இரண்டே வகை. ஒன்று, நீளத் தொப்பி வைத்த கோமாளி. முயலை மறைக்கப் போய்த் தன் பேன்ட்டை மறைத்துக்கொள்வான். இன்னொன்று, எலுமிச்சம்பழமும் மண்டையோடும் வைத்திருக்கிற வில்லன். யூரியா மூட்டைக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு செம்பை வருஷக்கணக்காகக் கையில் பழக்குகிற சாதாரண மனிதன் இருப்பான் என்று எந்த டைரக்டருக்கும் தோன்றியதில்லை. அதனால் ஜனங்கள் என்னிடம் வந்து, காணாமல் போன மாட்டுக்கு மை போட்டுப் பார்ப்பீர்களா என்கிறார்கள். ரிசப்ஷன் மேடை என்றால் மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர், "எங்க வீட்டம்மாவ மறைய வைக்க முடியுமா" என்று கேட்டுவிட்டுத் தானே சிரிப்பார். எல்லாக் கல்யாணத்திலும் இந்தச் சித்தப்பா இருக்கிறார். ஒரே ஆள்தான் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறாரோ என்று எனக்குச் சந்தேகம்.

ஒருமுறை சவுண்டு அண்ணனைக் கும்பகோணத்துக்கு ஒரு பெரிய படத்துக்கு அழைத்துப் போனேன். திரையில் மலை பறந்தது. கடல் இரண்டாகப் பிளந்தது. ஒரே ஆள் ஒரு ரயிலைத் தூக்கினான். தியேட்டரே விசிலடித்தது. திரும்பிப் பார்த்தால் இவர் தூங்கிக்கொண்டிருக்கிறார். வெளியே வந்து டீ குடிக்கும்போது கேட்டேன்.

"கம்ப்யூட்டருக்கு என்ன தம்பி, கையா நடுங்கப் போவுது?" என்றார். "கை நடுங்கணும். நடுங்குற கையால முடிச்சுக் காட்டணும். அதான் மேஜிக்கு."

என் கை நடுங்குவது தெரிகிறதா என்று கேட்டேன். "முன்னாடி நின்னே தெரியுது" என்றார். டீக்கு நானே காசு கொடுத்தேன்.

செல்போன் வந்த பிறகு நிலைமை இன்னும் கேவலம். கைதட்டுவதற்கு இரண்டு கை வேண்டும். ஒரு கையில் போன் இருக்கிறது. எடுக்கிற வீடியோவை வீட்டில் போய் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறார்கள். யாரோ ஒருவன் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி காட்டி, 'மேஜிக் ரகசியம் அம்பலம்' என்று எல்லாவற்றையும் வெளியே போடுகிறான். அதைப் பார்த்தவன் எல்லாம் அறிவாளி ஆகிவிட்ட மாதிரி என் எதிரில் வந்து உட்காருகிறான். உன் அறிவு கூடவில்லையப்பா, ஆச்சரியப்படுவதற்கு உனக்கிருந்த விஷயத்தில் ஒன்று குறைந்துவிட்டது, அவ்வளவுதான். சவுண்டு அண்ணன் இதற்குப் பயந்தே இன்றுவரைக்கும் பட்டன் போனை மாற்றவில்லை.

அந்தச் செம்புக்கு வருகிறேன். பித்தளைச் செம்பு. தண்ணீரை முழுக்கக் கொட்டிக் கவிழ்த்துக் காட்டுவேன். சொட்டு இருக்காது. கொஞ்சம் கழித்து மறுபடி கவிழ்த்தால் மறுபடி தண்ணீர். ஊர் உலகமெல்லாம் செய்கிற வித்தைதான். எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி, நெல் சாகுபடிப் பருவங்களை வைத்து நான் வசனம் சேர்த்திருந்தேன். முதல் முறை ஊற்றும்போது, "இது குறுவைக்கு." அடுத்தது, "இது சம்பாவுக்கு." பிறகு, "இது தாளடிக்கு." எல்லாரும் முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது கடைசியாக ஒருமுறை, "இது கடைமடைக்கு." ஆற்றுத் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேருகிற, பாதி வருஷம் சேராமலே போகிற ஊர்கள்தான் கடைமடை. அந்த வசனத்துக்கு எங்கேயும் சிரிப்பு நிச்சயம். சவுண்டு அண்ணனுக்கு உயிர் அந்தச் செம்பு. எத்தனை முறை பார்த்தும், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கூடக் கேட்டதில்லை. அது எப்படி வருகிறது என்று நானும் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால், கட்டம் போட்ட சட்டைக்காரருக்கு நடந்ததுதான் எனக்கும் நடக்கும்.

ஒரு வருஷம் அணை தாமதமாகத் திறந்தது. எங்கள் வாய்க்காலில் முழங்கால் அளவாவது தண்ணீர் வந்தது. கிழக்கே போகப் போக அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் திருவாரூருக்குக் கிழக்கே ஒரு கடைமடை ஊரில் காதுகுத்து. சாயங்காலம் என் மேஜிக். மத்தியானமே போய் இறங்கினோம். போகிற வழியில் வாய்க்காலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. காது குத்துகிற குழந்தையின் அத்தை என் பையிலிருந்த செம்பைப் பார்த்துவிட்டார்.

"இந்தச் செம்ப எங்க நாத்தனா கல்யாணத்துல பாத்தேங்க. கடைமடைக்குன்னு ஒரு ஊத்து ஊத்துவீங்களே, அது எங்க ஊருதான். அங்க எல்லாரும் சிரிச்சாங்க. இன்னிக்கு இங்க நல்லா ஊத்துங்க."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் என்னவோ போலிருந்தது. பந்தலுக்குப் பின்னால் போய்ச் செம்பில் தண்ணீர் ஊற்றிச் சோதித்துப் பார்த்தேன். கால் நனைந்தது. பஸ்ஸில் வரும்போது எங்கேயோ இடித்து உள்ளே பற்றவைத்த இடம் விட்டிருந்தது. குறுவைக்கே எல்லாத் தண்ணீரும் போய்விடும். சம்பாவுக்குக் காற்றுதான்.

சவுண்டு அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். "என்ன தம்பி, மூஞ்சி செத்துப்போச்சு?"

"செம்பு ஒழுவுதுண்ணே. இன்னிக்கு இந்த ஐட்டம் இல்ல."

"வந்ததுலேர்ந்து இந்தச் செம்பு ஐட்டத்தத்தான் மைக்ல சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பத்தவெச்சா சரியாயிரும். பத்தவெக்கிற ஆளு உள்ள பாத்தாகணும்."

அந்த ஊரில் சால்டரிங் அயர்ன் வைத்திருந்த ஒரே ஆள் அவர்தான். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அவர் போய், ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு வந்தார்.

"கொண்டா."

"வேணாண்ணே. நீங்க பாத்துட்டா..."

"இந்த ஊருக்கு வந்து தண்ணி இல்லன்னு சொல்லப்போறியா? அதச் சொல்றதுக்கு வேற ஆளுங்க இருக்காங்க. நீ கொண்டா இங்க."

முதலில் துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டார். நான் கையைப் பிடித்து இடத்தைக் காட்ட வேண்டும், அவர் தொட்டுப் பார்த்தே பற்றவைப்பார் என்பது திட்டம். முதல் தொடலில் ஈயம் என் செருப்பில் விழுந்தது. அடுத்ததில் அவர் கட்டைவிரல் பொசுங்கியது. என் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார், செம்பைச் செய்தவனின் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். பிறகு துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, செம்பை வெளிச்சத்துக்குத் திருப்பி, உள்ளே பார்த்தார்.

ரொம்ப நேரம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சுரண்டித் துடைத்து, பேஸ்ட் தடவி, பொறுமையாகப் பற்றவைத்தார். என் கையில் கொடுத்துவிட்டு, "சூடு ஆறட்டும். உடனே தண்ணி ஊத்தாத" என்றார். அவ்வளவுதான். பெட்டிக்குப் போய்ப் பாட்டைப் போட்டுவிட்டார்.

மேடையில் நிற்கும்போது எனக்கு வித்தை மேல் கவனமே இல்லை. இன்றைக்கு இந்த மனிதர் ஓட மாட்டார், பக்கவாட்டில் உட்கார்ந்து சரியான நேரத்தில் பாட்டு போடுவார், அத்தோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். செம்பைக் கையில் எடுத்தேன். "இது குறுவைக்கு" என்று ஊற்றிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். நாற்காலி காலி.

முன் வரிசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. நெற்றியில் கை. கட்டைவிரலில் யாரோ மஞ்சள் பூசி விட்டிருந்தார்கள்.

சம்பாவுக்கு ஊற்றினேன். தாளடிக்கு ஊற்றினேன். கவிழ்த்துக் காட்டினேன். கொஞ்சம் விட்டு, "இது கடைமடைக்கு" என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. எல்லாரும் செம்பையே பார்த்தார்கள். தண்ணீர் வந்தது. பற்றவைத்த இடம் தாங்கியது. பின்னாலிருந்து ஒரு பெரியவர் குரல் கேட்டது. "வந்துருச்சுப்பா." உரக்கக்கூடச் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் பாட்டு வரவில்லை. சவுண்டு அண்ணன் ஓட மறந்து அப்படியே நின்றுகொண்டிருந்தார். நானும் காலிச் செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி நின்றேன். அவ்வளவு நேரம் எந்தக் கூட்டமும் எனக்காகச் சத்தமில்லாமல் இருந்ததில்லை. அவர் ஞாபகம் வந்து ஓடி, பெட்டியைத் தொட்டு, பாட்டு வந்தபோதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது.

சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுகிற இடத்தில் கேட்டேன். "அதான் உள்ள பாத்துட்டீங்களேண்ணே. அப்புறம் ஏன் ஓடினீங்க?"

"ஓட்ட எங்க இருக்குன்னு பாத்தேன் தம்பி. தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு நான் ஏன் பாக்கப் போறேன்?"

பச்சைப் பொய். அந்தச் செம்பின் உள்ளே ஒருமுறை பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் புரிந்துவிடும். இவரோ வாழ்நாளெல்லாம் பெட்டிகளைப் பிரித்துப் பூட்டியவர். பொய் சொல்லுவது என் பொழுதுபோக்கு. எதிராளி சொன்னால் எனக்குத் தெரியும். ஆனால் அவர் முகத்தை முன்னாலிருந்து பார்த்தேன், சோப்பு எடுக்கிற சாக்கில் பக்கவாட்டில் போய் நின்றும் பார்த்தேன். ஒரே மூஞ்சியாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சில வருஷம் ஓடினார். ஆளுயரப் பெட்டிகளோடு டிஜேக்கள் வந்து, குழாய் ஸ்பீக்கரைத் தென்னை மரத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். அதற்கெல்லாம் அவர் அசரவில்லை. முட்டி போனபோதுதான், இனி என் நிகழ்ச்சிக்கு வரவில்லை என்றார். மற்ற வேலைகளுக்கு வருவாராம். மேஜிக்குக்கு மட்டும் முடியாதாம்.

"ஓட முடியல. ஓடலன்னா சைடுல உக்காந்து பாக்கணும். வேணாம் தம்பி."

எனக்குக் கோபம் வந்தது. "அந்தப் பெட்டிய முன்னாடியே வெச்சுக்க வேண்டியதுதான? நாற்காலியப் போட்டு முன்னாடியே உக்காருங்க." இத்தனை வருஷமாக இது எங்கள் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை என்பதையும் சேர்த்துத்தான் கோபம்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மைக்செட்டு சைடுலதான்யா இருக்கும். முன்னாடி ஜனங்க எடம். பெட்டிகிட்ட இருந்தா நான் சவுண்டு. அங்க வந்து நின்னாத்தான் நான் ஜனம்."

இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். பட்டன் போனில் பேசுவார். செம்பு ஒழுகுகிறதா என்று கேட்பார். மகளுடைய போனில் வீடியோ கால் போடுங்கள், செம்பு வித்தையைச் செய்து காட்டுகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். போனைப் பிடிக்கிறவர் பக்கவாட்டில் பிடித்துவிட்டால் என்ன ஆவது என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

என் சட்டைப் பைக்குள் இப்போது ஒரு ரிமோட் இருக்கிறது. ஸ்பீக்கர் டிபன் டப்பா அளவுதான். அமுக்கினால் அந்த நொடியே பாட்டு. ஒரு தப்பு கிடையாது. வித்தை முடிந்த கையோடு பாட்டு வந்து விழுகிறது, ஜனங்கள் போனை இறக்கிவிட்டு அடுத்தது என்ன என்று பார்க்கிறார்கள். நாலைந்து நிகழ்ச்சி அப்படிச் செய்துவிட்டு நிறுத்திவிட்டேன்.

இப்போதெல்லாம் கடைமடைக்கு ஊற்றி முடித்ததும் ரிமோட்டைத் தொடுவதில்லை. காலிச் செம்பைக் கவிழ்த்துப் பிடித்தபடி நிற்கிறேன். முன் வரிசையிலிருந்து கிளம்பி, கயிறுகளைத் தாண்டி, அண்டாக்களைச் சுற்றிப் பெட்டிக்கு வந்து சேருகிற நேரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே நிற்கிறேன். முட்டி வலியோடு அவர் மெதுவாகத்தானே வர முடியும்.